ஆர்முடுகும் மணிக்கூடு எவ்வளவு மெதுவாக ஓடும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில் உயர்தர மாணவர்களுக்குப் பௌதிகவியல் சொல்லிக்கொடுக்கிறேன். வகுப்பு முடிந்து கொப்பி மூடிய பிறகு, படியில் நின்றுகொண்டு பிள்ளைகள் கேட்கும் கேள்விகள் சில உண்டு. ஆண்டு மாறும், முகம் மாறும், கேள்வி மட்டும் மாறாது. அவற்றில் அதிகமானவை ஒரே இடத்தைத்தான் சுற்றிவரும்: ஐன்ஸ்டைனின் சார்பியலில் ஆர்முடுகல் வந்தால் நேரத்துக்கு என்ன ஆகும்? பிள்ளைகள் கேட்ட சொற்களிலேயே கேள்விகளை எழுதி, என் பதில்களைக் கீழே தருகிறேன். இந்தியப் புத்தகங்களில் படித்தவர்கள் ஆர்முடுகல் என்பதை முடுக்கம் என்றும், செக்கன் என்பதை நொடி என்றும் வாசித்துக்கொள்ளுங்கள்.

1. சேர், வேகமாப் போனால் மணிக்கூடு உண்மையாவே மெதுவாகுமா, இல்லாட்டி மெதுவாத் தெரியுமா?

வெறும் தோற்றம் என்றால், பிரிந்துபோன மணிக்கூடுகளைத் திரும்பவும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தவுடன் வித்தியாசம் மறைந்துவிட வேண்டும். அது மறைவதில்லை. 1971 ஒக்டோபரில் ஜோசப் ஹாஃபலே, ரிச்சர்ட் கீற்றிங் என்ற இரண்டு அமெரிக்கர்கள் நான்கு சீசியம் அணு மணிக்கூடுகளைப் பயணிகள் விமானங்களில் ஏற்றி உலகத்தைச் சுற்றிவந்தார்கள். கிழக்கே சுற்றியபோது அவை தரையில் இருந்த மணிக்கூடுகளைவிட ஏறத்தாழ 59 நனோ செக்கன் பின்தங்கின (ஒரு நனோ செக்கன் என்பது செக்கனில் நூறு கோடியில் ஒரு பங்கு). மேற்கே சுற்றியபோது 273 நனோ செக்கன் முந்தின. (அதில் உயரத்தின் பங்கும் கலந்திருக்கிறது. 10ஆம் கேள்வியில் அதற்கு வருகிறேன்.)

கணக்கு இதுதான். மணிக்கூட்டின் கதியை ஒளியின் கதியால் வகுத்து, வர்க்கித்து, 1இலிருந்து கழித்து, வர்க்கமூலம் எடுங்கள். வரும் எண்ணைக் குறைப்புக் காரணி என்று வைத்துக்கொள்வோம். ஒளியின் கதியில் 0.6 பங்கு என்றால் காரணி 0.8. அதாவது நமக்கு 10 மணித்தியாலம் போகும்போது அந்த மணிக்கூடு 8 மணித்தியாலம் காட்டும். 0.8 பங்கு என்றால் காரணி 0.6. இந்த இரண்டு சோடியையும் மனதில் வைத்திருங்கள், கீழே முழுக்க உதவும்.

2. அப்படியெண்டால் யாழ்ப்பாணம் ரயில்ல போனாலும் எனக்கு வயசு குறையுமா?

குறையும். கொழும்புக் கோட்டையில் இருந்து மணித்தியாலத்துக்கு 60 கிலோமீற்றர் வீதம் 7 மணித்தியாலம் போனால், கதியால் மட்டும் வரும் வித்தியாசம் ஒரு நனோ செக்கனில் 25இல் ஒரு பங்கு. வழியில் ஏறும் இறங்கும் மேடுபள்ளத்தின் விளைவு இதைவிடப் பெரியது.

3. சிறப்புச் சார்பியல் சீரான வேகத்துக்கு மட்டும்தான், ஆர்முடுகல் வந்தால் பொதுச் சார்பியல் வேணும் எண்டு சொல்லினம். சரியா?

பிழை. நான் படித்த காலத்தில் எனக்குக் கிடைத்த ஒரு குறிப்பிலும் இப்படித்தான் இருந்தது. அதை நம்பிப் பல வருடம் தவறாக நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் இந்தக் கேள்வியை யார் கேட்டாலும் உட்காரவைத்துப் பதில் சொல்கிறேன்.

சிறப்புச் சார்பியல் போடும் நிபந்தனை அளப்பவருக்கு உரியது: அவர் ஆர்முடுகாமல் இருக்க வேண்டும். அளக்கப்படும் பொருளுக்கு அப்படி ஒரு நிபந்தனையும் இல்லை. நியூட்டனின் விதிகளையும் சீரான வேகத்தில் இருக்கும் அவதானிக்குத்தானே எழுதுகிறோம்? அதை வைத்து வளைந்து போகும் பந்தையும் பிரேக் போடும் பஸ்ஸையும் கணக்கிடுவதில்லையா? இங்கேயும் அதே கதைதான். பொதுச் சார்பியல் தேவைப்படுவது ஈர்ப்பு வரும்போது. வெற்றுவெளியில் ஒரு ரொக்கெட் எவ்வளவு உறுமிக்கொண்டு ஆர்முடுகினாலும் சிறப்புச் சார்பியலே போதும்.

4. கதி மாறிக்கொண்டே இருந்தால் சமன்பாட்டுக்குள்ள எந்தக் கதியைப் போடுறது? சராசரியைப் போடலாமா?

சராசரியைப் போடாதீர்கள். ஒரு விண்கலம் நம் கணக்கில் 10 மணித்தியாலம் 0.6 பங்கிலும், அடுத்த 10 மணித்தியாலம் 0.8 பங்கிலும் போகிறது என்று வைப்போம். கலத்தில் இருப்பவருக்கு முதல் பகுதியில் 8, இரண்டாம் பகுதியில் 6, மொத்தம் 14 மணித்தியாலம். சராசரி 0.7 பங்கைப் போட்டால் 14 மணித்தியாலமும் 17 நிமிடமும் வரும். அந்த 17 நிமிடம் எங்கேயும் இல்லாத நிமிடம்.

சரியான வழி இது: பயணத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் அந்தக் கணத்துக் கதிக்குரிய காரணியால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டுங்கள். துண்டுகளை எல்லையில்லாமல் சிறிதாக்கினால் அதுதான் தொகையீடு. அப்படி வரும் விடை அந்த மணிக்கூட்டின் சொந்த நேரம், அதாவது அந்த மணிக்கூட்டைக் கையில் கட்டியிருப்பவருக்கு உண்மையில் கழிந்த நேரம்.

5. இந்தத் தொகையீட்டுக்குள்ள ஆர்முடுகலே இல்லையே சேர்! அதுக்கெண்டு தனியா ஒரு விளைவு இல்லையா?

இந்தப் பக்கத்தின் உயிரான கேள்வி இது. இல்லை. ஒரு கணத்தில் மணிக்கூடு எவ்வளவு மெதுவாக ஓடுகிறது என்பதை அந்தக் கணத்துக் கதி மட்டுமே தீர்மானிக்கும். கதி எவ்வளவு அவசரமாக மாறுகிறது என்பது அதில் சேராது. ஆர்முடுகல் நேரத்தைத் தொடுவது கதியை மாற்றுவதன் வழியாகத்தான். இதை மணிக்கூட்டுக் கருதுகோள் என்பார்கள்.

கருதுகோள் என்ற பெயரைப் பார்த்து வெறும் ஊகம் என்று எண்ண வேண்டாம், இதைச் சோதித்திருக்கிறார்கள். ஜெனீவாவில் உள்ள சேர்ன் ஆய்வகத்தில் 14 மீற்றர் விட்டமுள்ள ஒரு வளையத்துக்குள் மியூவன் என்ற துணிக்கைகளைச் சுழலவிட்டார்கள். முடிவு 1977இல் வெளியானது. ஓய்வில் இருக்கும் மியூவன் சராசரியாக 2.2 மைக்ரோ செக்கனில் சிதைந்துவிடும். அந்தச் சிதைவுதான் இங்கே மணிக்கூடு. ஒளியின் கதியில் 0.9994 பங்கில் சுழன்றபோது அவை ஏறத்தாழ 64 மைக்ரோ செக்கன் வாழ்ந்தன, கிட்டத்தட்ட 29 மடங்கு. 1ஆம் பதிலில் சொன்ன காரணி கொடுப்பதும் அதே 29தான். ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்குத் துல்லியத்தில் இரண்டும் ஒத்துப்போயின.

இப்போது அவை பட்ட ஆர்முடுகலைப் பாருங்கள். அவ்வளவு சின்ன வட்டத்தில் அந்தக் கதியில் திரும்ப, புவியீர்ப்பு ஆர்முடுகலைப் போல எத்தனை மடங்கு வேண்டும் தெரியுமா? 1க்குப் பின்னால் 18 பூச்சியம். அத்தனை பெரிய ஆர்முடுகலும் விடையை அசைக்கவில்லை. இந்த எண்ணை வகுப்பில் சொல்லும் ஒவ்வொரு முறையும் எனக்கே ஒரு சிலிர்ப்பு வரும்.

6. ஆனால் மணிக்கூட்டை ஓங்கி நிலத்தில் அடித்தால் நின்றுபோகுமே, அதுவும் ஆர்முடுகல்தானே?

அது மணிக்கூட்டின் பலவீனம், நேரத்தின் மாற்றம் அல்ல. ஊசல் மணிக்கூடு ஒன்றை லிஃப்டில் வைத்தால், லிஃப்ட் மேல்நோக்கி ஆர்முடுகும்போது அது வேகமாக ஆடும். கையில் கட்டியிருக்கும் குவாட்ஸ் கடிகாரமோ கவலையில்லாமல் ஓடும். நேரமே மாறியிருந்தால் இரண்டும் சேர்ந்து மாறியிருக்க வேண்டும். 5ஆம் பதிலில் சொன்னது நல்ல மணிக்கூட்டுக்கு. தான் படும் விசையால் உள்ளே குழம்பாத மணிக்கூடு என்று அதற்குப் பொருள். மியூவன் அந்த வகையில் அபாரமானது, உடைய அதற்குள் சக்கரமோ வில்லோ எதுவும் இல்லை.

7. விண்கலம் ஒரு கணம் நின்று திரும்புது. அந்தக் கணத்தில் கதி பூச்சியம், ஆர்முடுகல் பெரிசு. அப்ப நேர விரிவு?

நேர விரிவு என்றால் ஓடும் மணிக்கூடு மெதுவாவது. அந்தக் கணத்தில் அது இல்லை. காரணி 1. கேட்ட பிள்ளை "அவ்வளவுதானா?" என்றது. அவ்வளவுதான்.

8. இரட்டையர் புதிரில் திரும்பும்போது வரும் ஆர்முடுகலால்தான் ஒருவர் இளமையாக இருக்கிறார் என்று படித்தேன். நீங்கள் 5இல் சொன்னது அதற்கு எதிராக இருக்கிறதே?

முதலில் புதிர். இரட்டையரில் அண்ணன் வெள்ளவத்தையில் இருக்கிறார். தம்பி 3 ஒளியாண்டு தூரத்துக்கு 0.6 பங்குக் கதியில் போய், அதே கதியில் திரும்புகிறார். அண்ணனுக்குப் போக 5, வர 5, மொத்தம் 10 ஆண்டு. தம்பிக்கு 8 ஆண்டு. தம்பியின் பார்வையில் அண்ணன்தானே விலகிப்போய் வந்தார், அப்படியானால் அண்ணன் இளமையாக இருக்க வேண்டாமா என்பது புதிர். இருவரும் சமமானவர்கள் அல்ல, திரும்பியவர் தம்பிதான் என்பது விடையின் முதல் பாதி. அதை உணர்த்துவது ஆர்முடுகல். இருக்கையில் அழுத்தப்பட்டது தம்பியின் முதுகு, அண்ணனின் முதுகல்ல. இதுவரை நீங்கள் படித்தது சரி.

ஆனால் அந்த 2 ஆண்டும் திரும்பும் இடத்திலா தொலைந்தது? வெள்ளவத்தையில் இருந்து கோட்டைக்குக் காலி வீதியால் நேரே போகலாம். பொரளைக்குப் போய்ச் சுற்றியும் வரலாம். சுற்றினால் தூரம் கூடும். அந்தக் கூடுதல் தூரம் பொரளைச் சந்தியில் ஸ்டியறிங்கைத் திருப்பிய அந்தச் சில மீற்றரிலா இருக்கிறது? இல்லை, முழு வழியிலும் பரவிக் கிடக்கிறது. திருப்பம் இல்லாமல் அந்த வழி அமையாது. ஆனால் தூரத்தைத் தருவது வழியின் நீளம். நேரத்திலும் அப்படித்தான், ஒரே ஒரு வித்தியாசத்தோடு: வீதியில் நேர்வழி மிகக் குறுகியது, வெளியையும் நேரத்தையும் ஒன்றாகச் சேர்த்த வெளிநேரத்தில் நேர்வழிதான் மிக நீண்ட சொந்த நேரம் கொண்டது. நேரே இருந்த அண்ணனுக்கு அதனால்தான் அதிக ஆண்டு.

சந்தேகம் தீராதவர்களுக்கு ஒரு சோதனை. இரண்டு தம்பிமார் ஒன்றாகக் கிளம்பட்டும். ஒரே எஞ்சின், ஒரே அளவு திடீர்த் திருப்பம். முதலாமவர் அண்ணன் கணக்கில் 2 ஆண்டில் திரும்பி வந்து வீட்டில் இருக்கிறார், மற்றவர் 10 ஆண்டு கழித்து வருகிறார். முதலாமவர் இழந்தது 0.4 ஆண்டு, இரண்டாமவர் இழந்தது 2 ஆண்டு. பட்ட ஆர்முடுகல் இருவருக்கும் ஒன்றே. வித்தியாசம் எங்கிருந்து வந்தது? எவ்வளவு காலம் அந்தக் கதியில் போனார்கள் என்பதில் இருந்து. திருப்பமே இல்லாமலும் இதைச் செய்துபார்க்கலாம்: போகிற கலம் 3 ஒளியாண்டில் எதிரே வரும் இன்னொரு கலத்துக்குத் தன் மணிக்கூட்டு நேரத்தைச் சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கட்டும். யாரும் ஆர்முடுகவில்லை. பூமிக்கு வரும் கணக்கு அப்போதும் 8 ஆண்டுதான்.

9. தம்பி தொலைநோக்கியால் அண்ணனைப் பார்த்துக்கொண்டே போனால் என்ன தெரியும்? திரும்பும் நேரத்தில் அண்ணன் திடீரென்று கிழவன் ஆவாரா?

ஆகமாட்டார். தம்பி விலகிப்போகும் 4 ஆண்டில் அண்ணனின் வாழ்க்கை பாதி வேகத்தில் தெரியும். விலகிப்போகிறவருக்கு ஒளித்துடிப்புகள் இடைவெளி கூடி வந்துசேரும், இதுதான் தொப்ளர் விளைவு. அதாவது அண்ணனின் 2 ஆண்டைத்தான் காண்பார். திரும்பியதும் படம் இரட்டிப்பு வேகத்தில் ஓடும். வரும் 4 ஆண்டில் அண்ணனின் 8 ஆண்டைக் காண்பார். இரண்டும் எட்டும் பத்து. திரும்பும் கணத்தில் படத்தின் வேகம்தான் மாறும், படம் தாவாது.

சில புத்தகங்களில் "திரும்பும்போது பூமியில் 3.6 ஆண்டு பாய்ந்துபோகிறது" என்று இருக்கும். போகும்போது தம்பியின் கணக்கில் பூமியில் 3.2 ஆண்டு, வரும்போது 3.2 ஆண்டு, மிச்சம் 3.6. இது பொய்யல்ல. ஆனால் பாய்ந்தது பூமியின் நேரம் அல்ல. தூரத்தில் "இப்போது" என்று எதைச் சொல்வது என்ற தம்பியின் கணக்கு முறைதான் மாறியது. ஒரே நேரத்தில் நடப்பவை எவை என்பது கதியோடு மாறும். அதனால் திரும்பியவர் தன் "இப்போது" கோட்டைப் புதிதாக வரைகிறார்.

10. ஆர்முடுகும் ரொக்கெட்டில் முன்னால் உள்ள மணிக்கூடு வேகமாக ஓடும், பின்னால் உள்ளது மெதுவாக ஓடும் என்கிறார்களே. அப்ப ஆர்முடுகலுக்கு விளைவு இருக்குத்தானே?

நல்ல பிடி. வால் பக்கத்தில் இருந்து மூக்குப் பக்கம் ஓர் ஒளித்துடிப்பை அனுப்புங்கள். அது போய்ச்சேரும் இடைவெளியில் மூக்கு இன்னும் கொஞ்சம் கதி பெற்றுவிடும். அதனால் துடிப்புகள் இடைவெளி கூடி வந்துசேரும். மூக்கில் இருப்பவர் "வால் மணிக்கூடு மெதுவாக ஓடுகிறது" என்பார். வாலில் இருப்பவர் "மூக்கு மணிக்கூடு வேகமாக ஓடுகிறது" என்பார். இரண்டு பேருக்கும் சண்டை இல்லை.

இது 5ஆம் பதிலை உடைக்குமா? உடைக்காது. ரொக்கெட் கிளம்பிய இடத்தில் நிற்கும் ஒருவர் பார்க்கட்டும். கதி கூடக் கூட ரொக்கெட்டின் நீளம் சுருங்க வேண்டும். அதற்கு வால் மூக்கை நெருங்க வேண்டும், அதாவது அவர் கணக்கில் ஒவ்வொரு கணத்திலும் வாலின் கதி மூக்கின் கதியைவிடச் சற்றுக் கூடுதல். கூடுதல் கதி, கூடுதல் நேர விரிவு. பழைய விதியே போதும்.

இதே விளைவு ஈர்ப்பிலும் வரும் என்று ஐன்ஸ்டைன் கண்டார். மேலே இருக்கும் மணிக்கூடு கீழே இருப்பதைவிட வேகமாக ஓடும். நம் கொழும்புத் தாமரைக் கோபுரத்தின் 350 மீற்றர் உச்சியில் ஓர் அணு மணிக்கூட்டை வைத்தால், அடியில் உள்ளதைவிட நாளுக்கு ஏறத்தாழ 3.3 நனோ செக்கன் முந்தும். ஜீ.பீ.எஸ். செய்மதிகளில் கதியால் நாளுக்கு 7 மைக்ரோ செக்கன் இழப்பு, உயரத்தால் 45 மைக்ரோ செக்கன் லாபம், மொத்தம் 38 முந்தல். அதைத் திருத்தாவிட்டால் ஓட்டோக்காரரின் போனில் வரைபடம் ஒரு நாள்கூட உருப்படியாக வேலை செய்யாது.

11. பூமி சுத்துறதால கொழும்பு மணிக்கூடு வட துருவ மணிக்கூட்டை விட மெதுவா?

கதியை மட்டும் பார்த்தால் ஆம். கொழும்பு செக்கனுக்கு ஏறத்தாழ 460 மீற்றர் கதியில் சுழல்கிறது, துருவம் அசைவதில்லை. நாளுக்கு 100 நனோ செக்கன் அளவு நாம் பின்தங்க வேண்டும். ஐன்ஸ்டைனும் 1905 கட்டுரையில் நடுக்கோட்டு மணிக்கூடு துருவ மணிக்கூட்டைவிடச் சற்று மெதுவாக ஓட வேண்டும் என்றே எழுதினார்.

உண்மையில் கடல்மட்டத்தில் இரண்டும் ஒரே வேகத்தில் ஓடும். பூமி நடுவில் பருத்தது. துருவத்தின் தரை நடுக்கோட்டைவிடப் பூமி மையத்துக்கு 21 கிலோமீற்றர் கிட்ட இருக்கிறது. அதனால் ஈர்ப்பு அங்கே மணிக்கூட்டை மெதுவாக்குகிறது. இரண்டு விளைவும் சரிக்குச் சரி. இது தற்செயல் அல்ல. சுழற்சியும் ஈர்ப்பும் சேர்ந்து எந்த மட்டத்தில் சமப்படுகிறதோ அந்த மட்டத்தில்தான் கடல்நீர் நிற்கிறது, மணிக்கூடுகளும் அதே மட்டத்தில் ஒத்துப்போகின்றன. காலிமுகத்திடலில் நின்று கடலைப் பார்க்கும்போது எனக்கு இது நினைவுக்கு வரும்.

12. பூமியில் நிற்பது போலவே இருக்கிற அளவு ஆர்முடுகலோடு விடாமல் போனால் எவ்வளவு தூரம் போகலாம்? ஒளியின் கதியைத் தாண்டுமா?

தாண்டாது. பயணி தன் முதுகில் எப்போதும் அதே அழுத்தத்தை உணர்வார். பூமியில் இருந்து பார்ப்பவருக்கோ அவரது கதி கூடும் அளவு குறைந்துகொண்டே போகும். பயணிக்கு 1 ஆண்டு ஆகும்போது பூமியில் 1.19 ஆண்டு, கதி 0.77 பங்கு. 2 ஆண்டில் பூமியில் 3.75 ஆண்டு, கதி 0.97. 5 ஆண்டில் பூமியில் ஏறத்தாழ 84 ஆண்டு. 12 ஆண்டில் பூமியில் ஓர் இலட்சத்து 13 ஆயிரம் ஆண்டு. நமது பால்வீதியின் அகலத்தைக் கடக்கும் அளவுக்குப் போய்விடுவார்.

இந்த எண்களெல்லாம் 4ஆம் பதிலின் தொகையீட்டில் இருந்து வருபவை. கணிதம் பிடித்தவர்கள் செய்துபாருங்கள்: பூமி நேரம் பயணி நேரத்தின் அதிபரவளைவுச் சைனாக வந்து நிற்கும். மிக அருகில் உள்ள நட்சத்திரம் புரொக்சிமா 4.24 ஒளியாண்டு தூரம். பாதி வழி ஆர்முடுகி, பாதி வழி அதே அளவு கதி குறைத்துப் போய் நின்றால் பயணிக்கு மூன்றரை ஆண்டு, பூமியில் 5.9 ஆண்டு. இதற்கு எவ்வளவு எரிபொருள் வேண்டும் என்று கேட்காதீர்கள். இன்று மனிதரிடம் உள்ள எந்த ரொக்கெட்டாலும் இது முடியாது.

13. அப்படிப் போறவருக்கு அம்மா வாட்ஸ்அப்பில மெசேஜ் அனுப்பினால் போய்ச் சேருமா?

ஒரு மாணவி கேட்டது. பிள்ளைகள் என்னிடம் கேட்ட கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது. கிளம்பிய முதல் 353 நாளில் அம்மா அனுப்புவதெல்லாம் சேரும், மேலும் மேலும் தாமதமாக, அலைநீளம் நீண்டு நீண்டு. ஒளியின் கதியைப் புவியீர்ப்பு ஆர்முடுகலால் வகுத்தால் ஏறத்தாழ 354 நாள் வரும். அதற்குப் பிறகு அனுப்பும் எந்தச் செய்தியும், எஞ்சின் ஓடும்வரை, அவரை எட்டவே எட்டாது. ரொக்கெட் ஒளியைவிட வேகமாகப் போவதில்லை. ஆனாலும் ஒளி துரத்தும் தூரம் ஒருபோதும் முழுதாக மூடுவதில்லை. பயணிக்குப் பின்னால், ஓர் ஒளியாண்டுக்குச் சற்றுக் குறைந்த தூரத்தில், அவர் கூடவே வரும் ஓர் எல்லைக்கோடு இருக்கிறது. அதற்கு அப்பால் நடப்பது அவருக்குத் தெரியாது.

பயணி எத்தனை ஆண்டு போனாலும், அம்மாவின் அந்த முதல் 354 நாளைத்தான் மெதுமெதுவாகப் பார்த்துக்கொண்டிருப்பார். கடைசி நாள் முடியவே முடியாது. ஆனால் எஞ்சினை நிறுத்திவிட்டால் ஆர்முடுகல் போய்விடும், எல்லைக்கோடும் போய்விடும். அப்புறம் நெடுங்காலம் காத்திருக்க வேண்டிவரலாம். ஆனாலும் 355ஆம் நாள் அம்மா அனுப்பியது வரும், அதற்குப் பின்னால் மற்றதெல்லாம் வரிசையாக வரும்.